வடபுலக் காட்டில் ஓர் ஆண்டு

என்னிடம் பூகோளம் பயின்ற இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். அலாஸ்கா மாநிலத்தில் ஃபேர்பேங்ஸ் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் காலம் தங்கி ஆய்வு செய்ய அவருக்கு வாய்ப்புக் கிட்டியிருந்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் புறப்பாடு. மறு ஆகஸ்டில் திரும்புதல். ஆய்வு நேரம் போக எஞ்சிய நாட்களில் அந்த வட நாட்டின் காடுகளையும் ஆறுகளையும் மலைகளையும் கண்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆவல். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் விரித்தார். பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பயணம்.

அக்டோபர்க் கட்டத்தில் துடுப்புப் படகுப் பயணம் எழுதியிருந்தது. டிசம்பரில் கூடாரமடித்து ஒரு வாரம் தங்கித் துருவ ஒளியைக் காண்பது. மே முதல் வாரத்தில் ஓர் ஆற்றைக் கடந்து காட்டினுள் சென்று, ஜூன் கடைசியில் அதே வழியாகத் திரும்புவது. ஜூலையில் வெண்மலைப் பகுதியை நடந்தே குறுக்காகக் கடப்பது. “எதைக் கொண்டு இந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்தாய், தம்பி?” என்று கேட்டேன். “அப்போதுதான் ஐயா எனக்கு ஓய்வு கிடைக்கும்” என்றார்.

பள்ளிக்கூடக் கால அட்டவணை தயாரிப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆகவே, அட்டவணை செய்யும் மயக்கம் எனக்கு நன்கு தெரியும். கட்டத்தில் எழுதிவிட்டால் அந்தக் காரியம் நடந்தேறிவிட்டது போலவே நமக்குத் தோன்றும். நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் சிவப்புப் பென்சில் இன்னும் ஓய்வு பெறவில்லை. அதை எடுத்து நான்கு கட்டங்களைச் சுழித்தேன். ஏன் சுழித்தேன் என்பதை அன்று மாலை முழுவதும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன். நான் அந்த நாட்டுக்குச் சென்றவன் அல்லன். நிலப்படங்களையும் நூல்களையும் துணைக்கொண்டு பல்லாண்டுகள் பாடம் சொன்னவன், அவ்வளவே.

முதலில் நாட்டைத் தெரிந்துகொள்வோம். அலாஸ்கா அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிகப் பெரிய மாநிலம். ருஷ்யாவிடமிருந்து 1867ஆம் ஆண்டில் 72 இலட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. 1959இல் தனி மாநிலமாயிற்று. பரப்பு ஏறத்தாழ 17 இலட்சம் சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏழே கால் இலட்சத்தைச் சற்றே கடந்தவர். பெரும்பகுதி நிலத்துக்குச் சாலையே கிடையாது. நம் இளைஞர் செல்லும் ஃபேர்பேங்ஸ் நகரம் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே 190 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கடற்காற்று எட்டாத உள்நாடு அது. ஆதலால் குளிரும் வெயிலும் அங்கே அளவு கடந்தவை. அந்த உள்நாட்டிலுள்ள ஃபோர்ட் யூக்கானில் 1915 ஜூனில் 38 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அதே உள்நாட்டில் பிராஸ்பெக்ட் கிரீக் என்னும் இடத்தில் 1971 ஜனவரி 23ஆம் நாள் சுழிக்குக் கீழ் 62 பாகை பதிவாயிற்று. இரண்டுக்கும் இடையே நூறு பாகை வேறுபாடு!

இனி ஒளியைப் பார்ப்போம். ஃபேர்பேங்ஸில் ஜூன் 21ஆம் நாள் சூரியன் ஏறத்தாழ 22 மணி நேரம் வானில் நிற்கிறது. எஞ்சிய இரண்டு மணி நேரமும் இருட்டு வருவதில்லை. அந்தி மாலை அப்படியே வைகறையாகிவிடுகிறது. டிசம்பர் 21ஆம் நாளிலோ சூரியன் நான்கு மணி நேரங்கூட நிற்பதில்லை. அதுவும் தொடுவானத்தை ஒட்டியே ஊர்ந்து மறைகிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே பகலின் நீளம் விரைந்து மாறுகிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஏழு நிமிடம் கூடுகிறது அல்லது குறைகிறது. ஒரு வாரத்தில் முக்கால் மணிக்கு மேல் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மலையேறி வெளிச்சத்தோடு திரும்பியவன், அதே நினைவில் அம்மாதக் கடைசியில் புறப்பட்டால் பாதி வழியில் இருட்டிவிடும்.

குளிரையும் ஒளியையும் நூல்களில் படித்து யாரும் எளிதில் தெரிந்துகொள்ளலாம். என் மாணவரும் தெரிந்துதான் வைத்திருந்தார். அவர் தெரிந்துகொள்ளாதது தண்ணீர். அந்த நாட்டில் ஓராண்டைத் திட்டமிடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த மாதத்தில் தண்ணீர் எந்த நிலையில் இருக்கும்?” என்பதே.

ஃபேர்பேங்ஸில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து நீராகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர்தான். வறண்ட நாடு என்று சொல்லத்தக்க அளவு. ஆயினும் கோடையில் சமநிலத்தில் காலை வைத்தால் சேறு முழங்காலைத் தொடுகிறது. காரணம் நிலத்தடியில் இருக்கிறது. மேல் மண் மட்டும் கோடையில் இளகுகிறது. அதன் அடியில் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண் பாறை போல நிற்கிறது. இதனை நிரந்தர உறைநிலம் என்பர். பெய்த நீர் கீழிறங்க வழியின்றி மேலேயே தேங்குகிறது. அந்தச் சதுப்பில் தலையணை போன்ற புற்குவைகள் நெருங்கி வளர்கின்றன. அவற்றின் மேல் கால் வைத்தால் குவை சாய்கிறது. இடையில் வைத்தால் கால் புதைகிறது. அனுபவமுள்ளவரும் அங்கே ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் சலித்துப் போகின்றனர்.

அதே நிலம் குளிர்காலத்தில் இறுகிப் பனி மூடிக் கிடக்கிறது. சதுப்பு தரையாகிறது, ஆறு சாலையாகிறது. ஃபேர்பேங்ஸுக்கு வடக்கேயுள்ள வெண்மலைப் பொழுதுபோக்குப் பகுதியை இதற்கு நல்ல சான்றாகச் சொல்லலாம். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் குளிர்காலத் தடங்கள் உண்டு. இடையிடையே அரசின் நில நிருவாகத் துறையார் கட்டிய மரக்குடில்கள் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு தங்கலாம். பனிச்சறுக்குக் கட்டைகளிலும் நாய் பூட்டிய சறுக்குவண்டிகளிலும் மக்கள் மார்ச்சில் அங்கே மகிழ்ந்து செல்கின்றனர். அத்தடங்களில் பல கோடையில் தடங்களே அல்ல, வெறும் சேறு. நம் இளைஞரோ மார்ச்சை விட்டுவிட்டு ஜூலையைத் தேர்ந்திருந்தார். நிலப்படத்தில் இட்ட புள்ளிக்கோடு எந்த மாதத்துக்கு உரியது என்று அவர் பார்க்கவில்லை. பூகோள ஆசிரியனுக்கு இதைவிட வருத்தம் வேறு உண்டோ?

உறைந்த ஆறு சாலை. இளகிய ஆறு படகுக்கு வழி. இரண்டும் நன்றே. இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டுக்கு இருமுறை ஆறு சாலையும் ஆகாமல் படகு வழியும் ஆகாமல் நிற்கும் காலம் வருகிறது. அக்டோபரில் பனிக்கட்டித் துண்டுகள் ஆற்றில் மிதந்து வரத் தொடங்குகின்றன. அவை ஒன்றோடொன்று உராய்ந்து, கரையில் ஒட்டி, நாளடைவில் ஆற்றை மூடுகின்றன. அப்போது படகு விட்டால் கட்டிகள் நெருக்கும். நடந்து சென்றால் உடையும். ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் இதன் மறுபக்கம் நடக்கிறது. மேற்பனி சோறு போலக் குழைந்து, காலை வைத்தால் இடுப்பளவு இறங்குகிறது. ஆற்றின் கட்டி கறுத்து, வெடித்து, ஒரு நாள் பேரோசையுடன் நகர்கிறது. இந்த இரு காலங்களிலும் அந்நாட்டு மக்கள் நெடும்பயணம் செய்வதில்லை. வலையைச் சீர்செய்வது, சறுக்குவண்டியைப் பழுது பார்ப்பது என்று வீட்டோடு இருப்பார்கள்.

கட்டி உடையும் நாள் அங்கே எவ்வளவு பெரிய நாள் என்பதற்கு ஒரு வேடிக்கையான வழக்கம் சான்று. ஃபேர்பேங்ஸுக்குத் தென்மேற்கே தனானா ஆற்றங்கரையில் நெனானா என்னும் சிற்றூர் இருக்கிறது. 1917ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வேலைக்கு வந்திருந்த பொறியாளர்கள், ஆற்றுக் கட்டி எப்போது உடையும் என்று தமக்குள் பணயம் கட்டி விளையாடினர். அவ்விளையாட்டு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. உறைந்த ஆற்றின் நடுவில் மரச்சட்டம் ஒன்றை நாட்டி, அதிலிருந்து கரையிலுள்ள கடிகாரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டுகின்றனர். கட்டி நகர்ந்து சட்டம் நகர்ந்தவுடன் கம்பி இழுபட்டுக் கடிகாரம் நின்றுவிடும். அந்த நாளையும் மணியையும் நிமிடத்தையும் சரியாகச் சொன்னவர்க்குப் பரிசு. பணயம் கட்டும் வழக்கத்தை நான் மாணவர்க்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அதன் பயனாக நூறாண்டுக்கு மேற்பட்ட ஒழுங்கான பதிவேடு ஒன்று அறிஞர்க்குக் கிடைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டில் கடிகாரம் மே 20ஆம் நாள் நின்றது. 2019இலோ ஏப்ரல் 14ஆம் நாளே நின்றுவிட்டது. அப்பதிவேட்டில் மிகப் பிந்திய நாளும் மிக முந்திய நாளும் இவையே. இடையில் ஆறே ஆண்டுகள். வேறுபாடு ஐந்து வாரம்! அந்த ஐந்து வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறித்து, அன்று ஆறு இப்படி இருக்கும் என்று சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து யார் எழுதிவிட முடியும்?

கட்டி உடைவது எப்போதும் வேடிக்கையாக முடிவதில்லை. யூக்கான் பேராற்றங்கரையிலுள்ள ஈகிள் என்னும் ஊரில் 2009 மே மாதம் உடைந்த கட்டிகள் ஆற்றை அணை போல அடைத்தன. நீர் பின்னேறிப் பெருகி, வீடளவு கட்டிகளைக் கரைமேல் தள்ளி, அருகிலுள்ள பழங்குடியினரின் குடியிருப்பைச் சிதைத்துவிட்டது.

இப்போது மே மாதக் கட்டத்துக்கு வருகிறேன். அதைச் சுழித்தபோது என் கை சற்றே நடுங்கிற்று. ஏனெனில், நம் இளைஞர் குறித்திருந்த பயணம் முன்பே ஒருவர் செய்த பயணம்.

கிறிஸ்டபர் மெக்காண்ட்லெஸ் என்பவர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த பட்டதாரி, வயது 24. 1992 ஏப்ரல் கடைசியில் தெனாலி மலைக்கு வடக்கே ஸ்டாம்பீட் தடம் என்னும் பழைய வழியில் தனியே காட்டினுள் நடந்தார். குறைந்த அரிசியும் ஒரு துப்பாக்கியும் சில புத்தகங்களும் அவரிடம் இருந்தன. நுணுக்கமான நிலப்படம் இல்லை. டெக்லானிக்கா ஆற்றை எளிதாகக் கடந்தார். கடுங்குளிர் முற்றும் நீங்காத காலம் அது. ஆற்றில் நீர் குறைவு. அப்பால் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பேருந்து ஒன்றில் தங்கினார். இரண்டு மாதங்களுக்குப் பின், ஜூலைத் தொடக்கத்தில், ஊர் திரும்ப எண்ணி அதே ஆற்றங்கரைக்கு வந்தார். வந்து பார்த்தால் அதே ஆறு அங்கு இல்லை. அகன்று, கலங்கி, இரைச்சலிட்டு ஓடிற்று. கடக்க இயலாது என்று கண்டு பேருந்துக்கே திரும்பினார். ஆகஸ்டில் அங்கேயே உயிர் நீத்தார். செப்டம்பர் 6ஆம் நாள் வேட்டையாட வந்தவர்கள் உடலைக் கண்டனர்.

ஆறு ஏன் அப்படி மாறிற்று? டெக்லானிக்கா பனியாறுகளிலிருந்து பிறக்கும் ஆறு. நம் ஊர் ஆறுகளில் மழை பெய்தால் வெள்ளம் வரும். பனியாற்றில் பிறக்கும் ஆற்றில் வெயில் அடித்தால் வெள்ளம் வரும். கோடை ஏறுந்தோறும் மலைப்பனி உருகி நீர் பெருகுகிறது. ஒரே நாளிலும் இந்த வேறுபாடு உண்டு. பகல் வெயிலில் உருகிய நீர் மாலையில் வந்து சேர்கிறது. விடியற்காலையில் ஆறு தாழ்ந்திருக்கும். ஆகவே, அத்தகைய ஆற்றைக் கடக்க வேண்டியவர் இரவு கரையில் தங்கி அதிகாலையில் கடப்பர். ஆறு ஒரே வாய்க்காலாக ஒடுங்கிய இடத்தை விட்டு, பல கிளைகளாக அகன்று பிரிந்த இடத்தைத் தேடுவர். அங்கே ஆழமும் விசையும் குறைவு. முதுகுச் சுமையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டே நீரில் இறங்குவர். தவறி விழுந்தால் சுமையை உதறிவிடலாம் அன்றோ? நீர் தொடைக்கு மேல் ஏறுமாயின் திரும்பிவிடுவர்.

மெக்காண்ட்லெஸ் நின்ற இடத்திலிருந்து சிறிது தூரம் ஆற்றோடு கீழே சென்றிருந்தால், நீர் அளவிடுவோர் அமைத்த கம்பியும் அதில் தொங்கும் கூடையும் இருந்தன. நுணுக்கமான நிலப்படம் ஒன்று இருந்திருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பற்றி ஜான் கிராக்கவர் 1996இல் ஒரு நூல் எழுதினார். பின்னர்த் திரைப்படமும் வந்தது. அவற்றால் உந்தப்பட்டு அப்பேருந்தைக் காணப் பல இளைஞர்கள் சென்றனர். அவர்களுள் 2010இல் ஒரு பெண்ணும், 2019இல் ஒரு பெண்ணும் அதே ஆற்றில் மூழ்கி மாண்டனர். மீட்புப் பணி ஓயாததைக் கண்ட அரசாங்கம் 2020 ஜூனில் பேருந்தையே ஹெலிகாப்டர் கொண்டு தூக்கி அகற்றிவிட்டது. அது இப்போது ஃபேர்பேங்ஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. “நீ காட்டுக்குள் தேடிப்போக எண்ணிய பொருள் உன் கல்லூரியில்தான் இருக்கிறது, தம்பி” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த இளைஞரைப் பழிப்பது என் நோக்கம் அன்று. சிலர் அவரை வீரர் என்கின்றனர். சிலர் மூடர் என்கின்றனர். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே செல்லும் நாளை மட்டும் ஆற்றைப் பார்த்துக் குறித்தார். திரும்பும் நாளை அப்படிக் குறிக்கவில்லை. இந்தப் பிழையைக் கெட்டிக்கார மாணவர்களே மிகுதியாகச் செய்கின்றனர்.

பிறகு இருவரும் புதுத் தாள் எடுத்துக்கொண்டு ஆகஸ்டிலிருந்து தொடங்கினோம். ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நடைப்பயணத்துக்கு மிக ஏற்ற காலம். கொசுக்கள் ஓய்ந்துவிடும், இரவுகள் திரும்பி வரும், அவ்விரவுகளில் துருவ ஒளியும் தோன்றத் தொடங்கும். துந்திரச் சமவெளி முழுவதும் செம்மையும் பொன்மையும் பூணும். தெனாலி தேசியப் பூங்கா இக்காலத்துக்கு உரியது. 6190 மீட்டர் உயரமுள்ள வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம் அங்கேதான் இருக்கிறது. மக்கின்லி என்றும் அதற்குப் பெயருண்டு. 1913 ஜூன் 7ஆம் நாள் அதன் உச்சியில் முதற்காலடி வைத்தவர் வால்டர் ஹார்ப்பர் என்னும் பழங்குடித் தாயின் மகன். மலையேறுவோர் மே, ஜூன் மாதங்களில் அதன்மேல் ஏறுகின்றனர். அது பயிற்சி பெற்றோர் வேலை. நம் தாளில் அதற்கு இடமில்லை. பூங்காவின் உட்பகுதியில் தங்க விரும்புவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். உணவைக் கரடி திறக்க முடியாத கலத்தில் வைக்க வேண்டும். அங்குள்ள ஒரே சாலையும் ஏறக்குறைய நடுவழியில் 2021 ஆகஸ்டில் மலைச்சரிவால் துண்டிக்கப்பட்டது. உறைநிலம் இளகுவதால் ஏற்பட்ட சரிவு அது. ஆகையால் பழைய வழிகாட்டி நூலை நம்பிச் செல்லுதல் கூடாது.

கரடியைப் பற்றி ஒரு சொல். ஆகஸ்டில் காட்டுப் பழங்கள் கனிகின்றன. குளிர்காலத் துயிலுக்கு முன் உடலைக் கொழுக்க வைக்கக் கரடிகள் இரவு பகலாக அவற்றைத் தின்கின்றன. எதிர்பாராமல் அருகில் போய் நிற்பதே ஆபத்து. பேசிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் நடந்தால் அது விலகிப் போய்விடும். கண்டபின் ஓடலாகாது, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. மூஸ் என்னும் பெரிய மானை எல்லாரும் சாது என்று எண்ணுகின்றனர். கன்றுடன் நிற்கும் தாய் மூஸ் கரடிக்குக் குறைந்ததன்று.

ஆனால் இக்காலத்தில் நான் கரடியைவிட மழைக்கே அஞ்சுவேன். உடல் வெப்பம் குன்றி மாள்வோர் கடும்பனியில்தான் மாள்கின்றனர் என்று பலரும் நினைக்கின்றனர். உண்மையில் 5 பாகை, 10 பாகை வெப்பத்தில் நனைந்த ஆடையுடன் காற்றில் நிற்பவனுக்கே அந்த ஆபத்து நெருங்கி வருகிறது. நம் ஊர்ப் பருத்தித் துணி இதற்கு ஆகாது. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உலராது, உடல் சூட்டையெல்லாம் வாங்கிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். நம் இளைஞர் பெட்டியில் பத்துப் பருத்திச் சட்டைகள் அடுக்கியிருந்தார். வகுப்பறைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அக்டோபர்க் கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இருளும் குளிரும் ஓங்கிய காலம். சுழிக்குக் கீழ் 40 பாகை என்பது அங்கே அரிதன்று. பாரன்ஹீட் அளவிலும் அது 40தான். இரு அளவுகளும் கூடும் இடம் அது. இந்த மூன்று மாதங்களில் அரை நாள் பயணம் போதும். துருவ ஒளியைக் காணக் கூடாரம் தேவையில்லை. ஊர் விளக்குகளை விட்டு விலகி, சூடுள்ள குடிலின் வாசலில் நின்றாலே போதும். சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயு அணுக்களைத் தாக்கும்போது அந்தப் பச்சை ஒளி எழுகிறது. ஃபேர்பேங்ஸ் அவ்வொளி வளையத்தின் கீழேயே அமைந்த ஊர்.

குளிர் மிகுந்தால் ஆற்றுக் கட்டி பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. ஏரியில் 10 சென்டிமீட்டர் தெளிந்த கட்டி ஒருவன் நடக்கப் போதும் என்பர். ஆற்றுக்கு அக்கணக்கு முழுதும் பொருந்தாது. நீரோட்டம் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலும், கடுங்குளிரில் கட்டி அடிவரை தடிக்கும்போது இடையிலுள்ள நீர் நெருக்குண்டு, வெடிப்பு வழியே மேலே வந்து பரவுகிறது. அதன்மேல் பனி மூடிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதில் கால் வைத்தவன் காலுறை நனைகிறது; சுழிக்குக் கீழ் 30 பாகையில் நனைந்த காலை உடனே நெருப்பருகே கொண்டு சேர்க்காவிட்டால் விரல்கள் போய்விடும். வியர்வையும் இதே தீங்கைச் செய்கிறது. எனவே, அந்நாட்டவர் குளிர்காலத்தில் விரைந்து நடப்பதில்லை. உடல் சூடேறுமுன்பே ஓர் ஆடையைக் களைந்துவிடுகின்றனர்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை உள்ள காலத்தைத்தான் நான் இந்த ஆண்டின் சிகரம் என்பேன். பகல் திரும்பிவிட்டது, பனியோ இன்னும் இறுகியே கிடக்கிறது. வெண்மலைப் பயணத்தை ஜூலையிலிருந்து எடுத்து மார்ச்சில் வைத்தோம். நோம் நகரை நோக்கிச் செல்லும் புகழ்பெற்ற நாய் வண்டிப் பந்தயம் 1973 முதல் மார்ச் மாதத்தில் நடப்பதும் இக்காரணம் பற்றியே. ஆனால் நோய்க்கு மாதம் தெரியாது. 1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, மருந்து இருப்புப்பாதை வழியாக நெனானாவரை வந்தது. நான் முன்பு சொன்ன அதே நெனானாதான். அங்கிருந்து 1085 கிலோமீட்டர். இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி, ஏறத்தாழ 150 நாய்களின் துணையால், ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தனர். கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்ட்டோ என்னும் நாய்க்கு நியூயார்க் நகரில் சிலை இருக்கிறது. மிக நெடிய கட்டத்தைக் கடந்தது செப்பாலா என்பவரின் வண்டி. அதன் தலைநாய் டோகோ. உறைந்த கடல்மேல் ஓடிய அந்த நாயை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது.

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசிவரை மீண்டும் வெறுமை. அவருக்கு இதில் மிகுந்த மனக்குறை. ஓய்வு நாட்கள் அப்போதுதான் மிகுதி. “ஆய்வை அப்போது செய், ஓய்வை மார்ச்சில் கேள்” என்றேன். பேராசிரியர் இசைவாரா என்று தயங்கினார். அந்நாட்டுப் பேராசிரியர்க்கு இதன் காரணம் விளங்காமலிராது.

ஜூனில் ஈகிள் ஊரிலிருந்து சர்க்கிள் ஊர்வரை யூக்கான் ஆற்றில் துடுப்புப் படகுப் பயணம் என்று எழுதினோம். ஏறத்தாழ 250 கிலோமீட்டர், ஆறேழு நாள். இரு முனைகளிலும் கோடைச் சாலை உண்டு. இடையில் ஒன்றும் இல்லை. ஆற்று நீர் பனியாறுகள் அரைத்த நுண்மணலைச் சுமந்து வருவதால் படகின் அடியில் ஓயாமல் ‘உஸ்’ என்ற ஒலி கேட்குமாம். குடிநீரைத் தெளிந்த கிளையோடைகளில் எடுத்துக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். கொசுக்களுக்கு வலைத்தொப்பி அவசியம். அந்தக் கொசுக்களுக்கு முன் நம்முடைய கூவங்கரைக் கொசுக்கள் துறவிகள் என்று பயணம் செய்தவர் எழுத்துகளிலிருந்து ஊகிக்கிறேன்.

அவ்வாற்றங்கரைகளில் வாழும் அத்தபாஸ்கப் பழங்குடியினர் கோடையில் மீன்பிடிக் குடில், இலையுதிர் காலத்தில் மூஸ் வேட்டை, குளிரில் பொறிவைப்பு என்று ஆண்டு முழுவதையும் தண்ணீரின் நிலைக்கேற்ப வகுத்து வாழ்ந்தவர்கள். இன்று அவர்களுடைய மீன்பிடிக் குடில்கள் பல வெறிச்சோடிக் கிடக்கின்றன. யூக்கானில் ஏறிவரும் அரச சால்மன் மீன்கள் மிகவும் அருகிவிட்டன. 2024ஆம் ஆண்டில் அலாஸ்காவும் கனடாவும் அம்மீனைப் பிடிப்பதை ஏழாண்டுக்கு நிறுத்த உடன்பட்டன. “ஆற்றில் மீன் பிடித்து உண்போம்” என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்த வரியை அவரே அடித்துவிட்டார்.

ஜூலையில் காட்டுத்தீ. 2004ஆம் ஆண்டுக் கோடையில் அலாஸ்காவில் 66 இலட்சம் ஏக்கர் எரிந்தது. ஃபேர்பேங்ஸ் வாரக்கணக்கில் புகையில் மூழ்கிற்று. எனவே, ஜூலைக் கட்டத்தில் இரண்டு பயணங்களை எழுதி, புகை வந்தால் எதைக் கைவிடுவது என்றும் குறித்துக்கொண்டோம்.

கடைசியாக ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் இரண்டு வரி எழுதச் செய்தேன். ஒன்று, திரும்பும் வழியில் எந்த ஆறு, அன்று அது எப்படி இருக்கும் என்பது. மற்றொன்று, எந்த நாள் எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யார் தேடத் தொடங்க வேண்டும் என்பது. கைத்தொலைபேசி அங்கே ஊர் எல்லையோடு ஓய்ந்துவிடும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கு எடுக்கலாம். அதன் மின்கலம் குளிரில் விரைவில் செயலிழக்கும் என்பதால் சட்டைக்குள் உடலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

அவர் சென்று சேர்ந்துவிட்டார். அண்மையில் கடிதம் எழுதியிருந்தார். செப்டம்பர்ப் பயணம் மழையால் மூன்றாம் நாளே முடிந்ததாம்; திரும்பிவிட்டாராம். தாளின் படியொன்றைத் திருத்தங்களுடன் எனக்கு அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் கடைசிக் கட்டத்தில் இருந்த வெறுமை இப்போது இல்லை. அவர் கையெழுத்தில், “நெனானாவில் கடிகாரம் நிற்கும்வரை ஊரில்” என்று எழுதியிருக்கிறது.